குற்றவாளி கார்டுதானா?

இணையம் அறுந்தால் முதல் பழி நெட்வொர்க் கார்டின் மேல். விசாரித்தால் உண்மை வேறாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. இணையம் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. மெக்கானிக்கின் தீர்ப்பு பல நேரம் ஒன்றுதான்: "நெட்வொர்க் கார்டு போச்சு." 1990களில் இது பெரிய சங்கதியல்ல. கார்டு தனியாக இருந்தது, கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினால் முடிந்தது. இன்று பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அந்தச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கார்டு போச்சு என்றால் மதர்போர்டை மாற்று என்று அர்த்தம். பல ஆயிரம் ரூபாய் விவகாரம்.

உண்மையில் கார்டு அத்தனை சுலபத்தில் சாவதில்லை. அதில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. கேபிளோ கதவிடுக்கில் நசுங்குகிறது, மடங்குகிறது, எலிக்கும் இரையாகிறது. எனவே விசாரணை அங்கே தொடங்குவதே நியாயம். வேறு கேபிளைப் போட்டு, ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். பழைய கேபிளில் ஒரு லேப்டாப் தடுமாறாமல் ஓடினால்தான் சந்தேகம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பும்.

வேகமும் துப்புக் கொடுக்கும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஆயிரத்தில் ஓடிய இணைப்பு திடீரென நூறில் வந்து நின்றால், எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

'பிங்' கட்டளையில் பலர் ஏமாறுகிறார்கள். 127.0.0.1 என்ற முகவரியை அழைத்தால் பதில் கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே வரும்; கார்டை அது தொடுவதே இல்லை. கார்டு செத்திருந்தாலும் பதில் வரும்! அழைக்க வேண்டியது ரவுட்டரின் முகவரியை. அங்கிருந்து பதில் விட்டுவிட்டு வந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டர் பிசகாமல் பதில் சொல்லியும் வெளியுலகம் கிடைக்காவிட்டால், கூப்பிட வேண்டியது மெக்கானிக்கை அல்ல, இணைப்புக் கொடுத்தவரை.

டிரைவர் மென்பொருளும் இதே தொல்லையைத் தரும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கார்டைத் தூங்கவைக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. அதை நிறுத்திப் பார்க்கலாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. அதில் அறுபடாவிட்டால் கார்டு நிரபராதி.

கார்டை நிஜமாகவே கொல்லக்கூடியது மின்னல். கொல்கத்தாவில் கோடைக்கால மாலைகளில் வீசும் காலபைசாகி புயல் இடி மின்னலோடுதான் வரும். மொட்டைமாடி வழியாக இழுத்துவந்த செம்புக் கம்பி கேபிள், அந்த மின் அதிர்ச்சியை நேராகப் போர்ட்டுக்குக் கொண்டுவரும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்றாலும், அதன் முனையில் உள்ள பெட்டி சுவரிலுள்ள பிளக்கோடுதானே இணைந்திருக்கிறது?

நல்ல கேபிளைச் செருகியும் போர்ட்டின் விளக்கு எரியாமல், லினக்ஸிலும் இணைப்பு வராமல் போனால் கார்டின் கதை முடிந்தது எனலாம். அப்போதும் மதர்போர்டைத் தொட வேண்டியதில்லை. யுஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது.