பெருச்சாளிக்குப் பெயர் வைத்தவர்கள்

கடைகள் சாத்தியபின் ரங்கநாதன் தெருவில் வடிகால் மூடியின் இடுக்கிலிருந்து தலைநீட்டும் பெருச்சாளியைப் பார்க்காத தி.நகர்வாசி இருக்க மாட்டார். டீ ஆறுவதற்குள் அதன் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

வீட்டு எலிதான் வருஷக்கணக்காகத் தின்று கொழுத்துப் பெருச்சாளி ஆகிறது என்று நம்மில் பலர் நம்புகிறோம். பெயர் ‘பெரு’ என்று தொடங்குவதும் அதற்குத் துணைபோகிறது. அப்படியில்லை. பூனை எவ்வளவு பால் குடித்தாலும் புலியாகாது; எலியும் பெருச்சாளியாகாது. இரண்டும் வெவ்வேறு பேரினம், அதாவது விலங்கியலார் தனித்தனியே பிரித்து வைத்திருக்கும் உறவுக்கூட்டம். பெருச்சாளிக் குட்டி பிறக்கும்போதே பெருச்சாளிதான். நாம் எலி என்று நினைத்து விரட்டியது அதன் குட்டியாகவும் இருந்திருக்கலாம். வளர்ந்தது வால் நீங்கலாக ஓரடி நீளமும் ஒரு கிலோ எடையும்கூட எட்டும்.

தமிழர் உருவத்தைப் பார்த்தார்கள் என்றால், தெலுங்கர் பன்றியை நினைத்தார்கள். அவர்கள் மொழியில் இது ‘பந்திக்கொக்கு’. நம் காதுக்குச் சாப்பாட்டுப் பந்தியில் கொக்கு வந்து உட்கார்ந்ததுபோல் கேட்கும். ஆனால் அங்கே ‘பந்தி’ என்பது பன்றி, கன்னடத்தில் ‘ஹந்தி’. மூன்றும் ஒரு வேரில் வந்தவை. ‘கொக்கு’ எலி. பன்றி எலி! கோபம் வந்தால் இது பன்றிபோலவே உறுமும். நன்றாகக் கவனித்து வைத்த பெயர் என்றே சொல்வேன்.

கம்பெனிக்கால வெள்ளைக்காரர்கள் அதைக் கேட்டு ‘பேண்டிகூட்’ என்றார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள், அங்கே மூக்கு நீண்ட, மண்ணைக் கிளறும் ஒரு பிராணியைக் கண்டு அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அது எலியே இல்லை. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்ப்பது. அந்தப் பையின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். தோண்டும்போது மண் உள்ளே விழாது. 1996இல் வந்த ‘கிராஷ் பேண்டிகூட்’ வீடியோ கேமின் நாயகன் இந்த ஆஸ்திரேலியக்காரன்தான்; நம் வடிகால்வாசிக்குச் சொந்தமில்லை.

1873இல் ஜான் எட்வர்டு கிரே என்ற விலங்கியலார் நம் பெருச்சாளியின் பேரினத்துக்கு ‘பேண்டிகோட்டா’ என்று பெயர் சூட்டினார். தெலுங்குச் சொல் லத்தீன் உடையில் சொந்தப் பிராணியிடமே திரும்பியது.

2018இல் திருவனந்தபுரத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தார் பாதாளச் சாக்கடையைச் சுத்தம்செய்யும் இயந்திரம் ஒன்றைக் களமிறக்கினார்கள். அதன் பெயரும் பேண்டிகூட். மனிதர் இறங்கக்கூடாத குழிக்குள் மனிதருக்குப் பதில் இறங்குகிறது. இந்தப் பெயர் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.