வீடே பள்ளி – 11: கணக்குக்கு எவ்வளவு செலவழிப்பது?

கணக்கு என்று வந்ததும் பெற்றோரின் கை தானாகப் பர்ஸுக்குப் போய்விடுகிறது. தமிழுக்கு நாலு கதைப் புத்தகம், அறிவியலுக்குத் தோட்டமும் அடுப்படியும் போதும் என்று துணிந்து சொல்கிறவர்கள்கூட, கணக்குக்கு மட்டும் ‘நல்ல கிட் ஏதாவது இருக்கா?’ என்று விசாரிக்கிறார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவர் சம்பளம்தான் ஓடும். பள்ளிக் கட்டணம் மிச்சம் என்று கணக்குப் போட்ட பணம் அபாகஸ் வகுப்பு, ஒர்க்புக் கட்டு, மாதச் சந்தா ஆப், மரப்பெட்டியில் வரும் மாண்டிசோரி மணிகள் என்று நாலு வழியாகக் கரைந்துவிடுகிறது.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் பிள்ளை இல்லை, நாம் படித்த விதம். கடன் வாங்கிக் கழிக்க நமக்குத் தெரியும். ஏன் கடன், யாரிடம் கடன் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் முழிப்போம். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொன்னால் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று கை போட்டுவிடும். காரணம் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்போம். விலை கூடிய கிட்டுகள் பெரும்பாலும் இந்தப் பயத்தின் மேல்தான் விற்பனையாகின்றன. ‘நீங்க கவலைப்படாதீங்க, பெட்டியிலேயே எல்லாம் இருக்கு’ என்கிறது விளம்பரம். பெட்டி வருகிறது, முதல் வாரம் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டி விளையாடுகிறது, பிறகு அது அலமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது.

ஆகவே செலவு குறைவாக இருக்கவேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு புத்தகமோ பொருளோ வாங்குமுன், இது பிள்ளைக்கு என்ன தரும் என்று பார்ப்பதோடு, இது எனக்கு எதைச் சொல்லிக்கொடுக்கும் என்றும் பாருங்கள். பிள்ளைக்கு வேண்டிய பயிற்சி எங்கும் மலிவாகக் கிடைக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ‘ஏன்’ என்று விளக்குகிற பொருள்தான் அபூர்வம். பணம் கொடுத்தால் அதற்குக் கொடுக்கலாம். நல்ல வேளையாக, அதிலும் சிறந்தவை சில இலவசமாகவே இருக்கின்றன.

பாடப்புத்தகத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புப் புத்தகங்களும் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இணையத்தில் இலவசம். தொடக்க வகுப்புகளுக்குப் பருவம் பருவமாகப் பிரித்திருப்பதால் ஒவ்வொன்றும் மெலிதாக இருக்கும். வீட்டுக்கு அது வசதி. எண்களோடு நிற்காமல் வடிவங்கள், அமைப்புகள், அளவைகள், நேரம், தகவல் செயலாக்கம் என்று எல்லாவற்றையும் தொட்டுப்போகிறது. எனக்கு உள்ள ஒரே குறை, பயிற்சிக் கணக்குகள் போதவில்லை.

என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் இணையத்தில் இலவசம். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பு வரை ஒரு புத்தகம் 65 ரூபாய். 2005-ஆம் ஆண்டு கலைத்திட்டத்தை ஒட்டி 2006 முதல் வந்த ‘மேத்-மேஜிக்’ வரிசையைப் பழைய புத்தகக் கடையில் கண்டால் விடாதீர்கள். நான்காம் வகுப்பில் பழைய சாமான் வாங்கி விற்கும் கிரண் என்ற பெண்ணின் கதை ஒரு பாடம். ஐந்தாம் வகுப்பு மீனவர்களின் படகுகளோடும் மீன் விலையோடும் தொடங்குகிறது. கடனும் வட்டியும் லாபமும் பிள்ளைக்கு அங்கே ஒரு மனிதரின் கவலையாக அறிமுகமாகின்றன. இப்போது அதன் இடத்தில் ‘மேத்ஸ் மேளா’வும், ஆறாம் வகுப்பிலிருந்து ‘கணித பிரகாஷ்’ வரிசையும் வந்திருக்கின்றன. தமிழ் வீட்டுக்கு மாநிலப் புத்தகத்தை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, யோசிக்கவைக்கும் கணக்குகளுக்கு இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

புத்தகக் கடையில் நின்று ஒரு கணக்குப் புத்தகத்தை எடைபோட நேரமில்லையா? நேரே பின்னங்கள் பாடத்துக்குப் போங்கள். முதல் பக்கத்தில் வெட்டிய பீட்சா, இரண்டாம் பக்கத்தில் ‘மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி’, மூன்றாம் பக்கத்தில் ஐம்பது கணக்கு என்றால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம். பின்னத்தை எண்கோட்டில் ஓர் எண்ணாக நிறுத்திக் காட்டுகிறதா, ஒன்றைவிடப் பெரிய பின்னத்துக்குப் படம் இருக்கிறதா, ‘முக்கால் பெரிதா, ஐந்தில் நாலு பெரிதா, எப்படிச் சொல்கிறாய்’ என்று எங்காவது கேட்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் மற்றப் பாடங்களையும் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள்.

இனி பெற்றோருக்கான பொருள். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்காக ஆசிரியர் கையேடுகள் வந்தன. அதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதுதான் பொருத்தம். பெருக்கலில் மலராக இருக்கும் பிள்ளை கடிகாரம் பார்ப்பதில் அரும்பாக இருக்கலாம். அதற்காக வகுப்பைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பாட்டும் ஆட்டமுமாகப் போகும் சில பக்கங்கள் முப்பது பிள்ளைகளுக்காக எழுதியவை. ஒரே பிள்ளையை நிறுத்தி ‘வட்டமாக நில்லுங்கள்’ என்று சொல்ல முடியாது. அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

ஆங்கிலம் படிக்க முடிந்த பெற்றோருக்கு இன்னொன்று சொல்வேன். இங்கிலாந்தில் பிளைமத் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஒரு கணிதக் கல்வி மையம் ஹங்கேரிய முறையைத் தழுவித் தயாரித்த ‘எம்.இ.பி.’ என்ற பாடத்திட்டம். முழுவதும் இணையத்தில் இலவசம். பிள்ளைக்கான பயிற்சிப் பக்கங்களைவிட அதன் பாடக்குறிப்புகள்தான் பொக்கிஷம். ஒவ்வொரு பாடத்துக்கும் இடப்பக்கம் செய்யவேண்டியது, வலப்பக்கம் ஆசிரியர் என்ன கேட்கவேண்டும், பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் ஆண்டு முழுவதும் 20-க்குள்ளேயே சுற்றுகிறது. ‘எதிர்வீட்டுப் பிள்ளை நூறு வரைக்கும் சொல்லுதே’ என்று பாட்டி கவலைப்படுவார். ஆனால் அந்த 20-க்குள்ளேயே கூட்டல், கழித்தல், பெரிது சிறிது, கட்டத்துக்குள் விடுபட்ட எண் எல்லாம் வந்துவிடுகின்றன. பவுண்டு, பென்ஸ் வரும் இடங்களை ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். குறிப்புகளைப் போனிலேயே படியுங்கள்; பயிற்சிப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால் போதும்.

‘சார், நான் பத்தாவதுல கணக்குல பார்டர் பாஸ். நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?’ என்று ஒரு அம்மா கேட்டார். ‘நீங்களும் அவன்கூடவே ஒண்ணாப்புல சேர்ந்துடுங்கம்மா’ என்றேன். கேலியாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, நான் நிஜமாகத்தான் சொன்னேன். அதற்கு வேண்டிய சாமான்கள் என்னவென்று பார்ப்போம்.

ஒரு தென்னந்துடைப்பம். ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். அப்படிப் பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. இப்போது 302-லிருந்து 127-ஐக் கழிக்கவேண்டும். தரையில் மூன்று பெரிய கட்டு, இரண்டு உதிரி ஈர்க்கு. ஏழு ஈர்க்கு எடுக்கச் சொன்னால் பிள்ளை இரண்டை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கும். நாம் வாயைத் திறக்கக் கூடாது. சிறிது நேரத்தில் அதுவாகவே ஒரு பெரிய கட்டைப் பிரிக்கும். உள்ளே பத்துச் சிறு கட்டு. அதிலும் உதிரி இல்லை. ஒரு சிறு கட்டைப் பிரிக்கும். இப்போது தரையில் இரண்டு பெரிய கட்டு, ஒன்பது சிறு கட்டு, பன்னிரண்டு உதிரி. பள்ளியில் பூஜ்யத்தின் தலையில் நாம் எழுதிய 9 எங்கிருந்து வந்தது என்பது பல பெற்றோருக்கு அந்த நிமிடத்தில்தான் புரிகிறது. ஒன்று, இரண்டு, ஏழு என்று எடுத்தபின் மிச்சம் 175. கடன் என்று யாரும் வாங்கவில்லை, கட்டைப் பிரித்தோம், அவ்வளவுதான். இதே வேலையைச் செய்யும் பத்தடிமான மரக்கட்டைகளைக் கடையில் வாங்கலாம். ஆனால் அதில் பத்தின் கட்டையை ஒன்றுகளாகப் பிரிக்க முடியாது, மாற்றிக்கொள்ளத்தான் முடியும். முதல் தடவைக்கு ஈர்க்குதான் மேல்.

இரண்டாவது, வண்ணக்கட்டைகள். பெல்ஜியத்தில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குயிஸனேர் உருவாக்கியவை. 1950-களில் காலெப் கட்டெக்னோ அவற்றை ஊர் ஊராகப் பரப்பினார். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தச்சரிடம் ஒரு சென்டிமீட்டர் சதுர பீடிங் கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம். பத்து நீளத்திலும் ஒவ்வொன்று வெட்ட 55 செ.மீ. கட்டை வேண்டும், அறுக்கும்போது தூளாகப் போவது தனி. ஒன்றின் கட்டை பத்தை வரிசையாக அடுக்கினால் பத்தின் கட்டையோடு சரியாகப் பொருந்தவேண்டும். மில்லிமீட்டர் பிசகினாலும் எல்லாம் வீண் என்பதால், கைப்பழக்கம் இல்லாதவர்கள் கட்டம் போட்ட தாளை அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டைகளை வைத்துத்தான் அந்தத் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ வித்தையை அவிழ்க்கலாம். ஆறு நீளக் கட்டையை ‘ஒன்று’ என்று பெயர் வையுங்கள். அப்போது மூன்று நீளம் அரை. இரண்டு நீளம் மூன்றில் ஒன்று. அரையை மூன்றில் ஒன்றால் வகு என்றால், மூன்று நீளக் கட்டைக்குள் இரண்டு நீளக் கட்டை எத்தனை தடவை அடங்கும் என்றுதான் அர்த்தம். ஒரு முழுக்கட்டை, அதற்குப்பின் ஒரு பாதி. ஒன்றரைத் தடவை. தாளில் தலைகீழாக்கிப் பெருக்கிப் பாருங்கள், மூன்றின் கீழ் இரண்டு, அதே ஒன்றரை.

மூன்றாவதுக்குச் செலவே இல்லை. மார்கழி மாதம் வாசலில் உட்கார்ந்திருப்பது. இடுக்குப் புள்ளிக் கோலம், 7 புள்ளி, 4 வரை. நடு வரிசையில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு என்று குறையும். மொத்தம் எத்தனை புள்ளி? ஒரு பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணும். இன்னொன்று 4, 5, 6 இரண்டு தடவை, நடுவில் 7 என்று கூட்டி 37 சொல்லும். வேறொன்று நடுப்புள்ளியிலிருந்து தொடங்கும்: நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, அதைச் சுற்றி 18. அடுத்த சுற்றுக்கு எத்தனை என்று கேளுங்கள். பத்துப் பக்க ஒர்க்ஷீட்டுக்கான வேலை அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. கல்யாண மண்டபத்திலும் பால் கடையிலும் கிடைக்கும் மாதக் காலண்டரும் இப்படித்தான்: எந்த 3-க்கு 3 கட்டத்தை எடுத்தாலும் ஒன்பது தேதிகளின் கூட்டுத்தொகை நடுத்தேதியின் ஒன்பது மடங்கு. ஏன் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளலாம். இப்படிக் கணக்கைக் கண்ணால் பார்க்கும் ருசி வந்துவிட்டால் ஒருவரைத் தெரிந்துகொள்ளவேண்டும்: சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் மாணவர்களை வைத்தே கணிதக் கண்காட்சிகள் நடத்தியவர். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தவர். வட சென்னைப் பக்கம் போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு பிள்ளையோடு ஒரு நடை போய்வரலாம்.

அபாகஸ்? வேகம் வருகிறது, பிள்ளைக்கு மேடையில் கைத்தட்டல் கிடைக்கிறது. கூட்டல் கழித்தலில் வேகமான பிள்ளை பின்னத்திலும் தேறும் என்று நம்பிப் பணம் கட்டவேண்டாம். ஆப்களில் ‘கான் அகாடமி’ இலவசம். பெரிய பிள்ளைகளுக்கு நல்ல துணை. சின்னப் பிள்ளைக்குக் கையில் பொருள் வேண்டும், திரை பிறகு. சிங்கப்பூர்க் கணக்குப் புத்தகங்களை இறக்குமதி விலை கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, அவற்றின் உயிரான பட்டைப் படத்தை, அதாவது கணக்கில் வரும் அளவுகளை நீளப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் முறையை, மட்டும் கற்றுக்கொண்டு நம் மாநிலப் புத்தகத்தின் எழுத்துக் கணக்குகளுக்கு வரைந்து பாருங்கள்.

பணம் கொடுத்தே வாங்கவேண்டியவை என்று நான் சொல்வது சிலதான்: ஒரு வெள்ளைப் பலகை, முனை ஆடாத காம்பஸ், இரண்டு தட்டுத் தராசு, நல்ல அளவு டேப். தராசைச் சமையலறையிலேயே வைத்தால் சமன்பாடு ஏழாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காது.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பேச்சு தேர்வுப் பக்கம் மாறிவிடுகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். அங்கே கணிதம் கட்டாயம் இல்லை. ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். கட்டாயம் இல்லை என்பதாலேயே கணக்கைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு, அதனாலேயே பயமில்லாமல் எடுத்த பிள்ளைகளும் உண்டு. கணக்கில் பசி உள்ள பிள்ளை என்றால், 1965-ல் தொடங்கிச் சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பிள்ளைகளுக்காக ஓர் இதழ் நடத்துகிறது, திறனறிப் போட்டியும் வைக்கிறது. அதைப் பாருங்கள்.

அடுத்த வாரம்: திறந்தநிலைப் பள்ளியில் எப்போது பதிவது, எந்தப் பாடங்களை எடுப்பது, கையில் என்னென்ன தாள்கள் இருக்கவேண்டும்.

(தொடரும்)