பாக்ஸில் 7.1 சரவுண்ட்… காதில் வருகிறதா? கேமிங் ஹெட்செட்டைப் பிசியில் சரியாக செட் செய்வது எப்படி?

"அண்ணே, இந்த ஹெட்செட் வேஸ்ட்ண்ணே. பாதி விலைக்குத் தள்ளிவிடப் போறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சித்தி மகன் போனில் சொன்னது இது. கோவையில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டாம் மாதச் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய கேமிங் ஹெட்செட். பாக்ஸில் பெரிய எழுத்தில் '7.1 சரவுண்ட் சவுண்ட்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனால், கேமில் எதிரி பின்னால் வந்தால் முன்னால் நடப்பதுபோலக் கேட்கிறதாம். "சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியல. வால்யூமை ஃபுல்லா வச்சுத்தான் விளையாடுறேன். முடிச்சுட்டு ஹெட்செட்டைக் கழட்டுனா காதுல 'ஙொய்'ங்குது" என்றான்.

ஹெட்செட்டில் எந்தக் குறையும் இல்லை. ஒரே வேலையை மூன்று இடங்களில் ஆன் செய்து வைத்திருந்தான். ஹெட்செட்டின் மென்பொருளில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, கேமுக்குள் ஒன்று. இரண்டை ஆஃப் செய்தோம். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. ஹெட்செட் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

உங்கள் ஹெட்செட்டிலும் இதே குழப்பம் இருக்கலாம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன 7.1?

தியேட்டரிலிருந்து வந்த கணக்கு இது. 7 என்பது உங்களைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்கள். முன்னால் இடது, நடு, வலது என மூன்று. பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு. புள்ளிக்குப் பிறகு வரும் 1, 'டம்' என்ற அதிர்வுக்கான சப்வூஃபர். பின்னால் இருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டால் அதுதான் 5.1.

ஆனால், ஹெட்செட்டில் ஒரு காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். ஒவ்வொரு காதுக்கும் பல ஸ்பீக்கர்களை வைத்த மாடல்களும் வந்திருக்கின்றன, ஆனால் அவை அபூர்வம். கடையில் நாம் வாங்கும் பெரும்பாலான '7.1' ஹெட்செட்டுகளில் இருப்பது விர்ச்சுவல் சரவுண்ட். அதாவது, ஸ்பீக்கர் இரண்டுதான், மீதி வேலையைச் செய்வது மென்பொருள்.

'அப்போ ஏமாத்து வேலையா?' என்று கேட்டால், அதுவும் இல்லை. காரணம், நமக்கு இருப்பதும் இரண்டு காதுகள்தானே!

இரண்டு காது, எல்லாத் திசையும்: எப்படி?

கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். வலது பக்கம் ஒருவர் கைதட்டுகிறார். சத்தம் வலது காதுக்கு முதலில் வரும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதை அடைய, அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 0.6 பங்கு தாமதமாகும். தலை குறுக்கே நிற்பதால் இடது காதில் சத்தமும் கொஞ்சம் குறையும். இந்த இரண்டு வித்தியாசங்களை வைத்துத்தான் மூளை 'வலது பக்கம்' என்று முடிவு செய்கிறது.

சரி, நேர் முன்னால் தட்டினால்? இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. நேர் பின்னால் தட்டினாலும் அதேதான். அப்போது கைகொடுப்பது காது மடல். அதன் மேடு பள்ளங்களில் பட்டு உள்ளே போகும் சத்தம், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நுணுக்கமாக மாறுகிறது. சிறு வயதிலிருந்தே மூளை இந்த மாற்றங்களைப் படித்து வைத்திருக்கிறது.

இந்த மொத்தக் கணக்கையும் மென்பொருளில் போட்டுத் தருவதுதான் எச்.ஆர்.டி.எஃப் எனும் நுட்பம். பின்னால் நடக்கும் காலடிச் சத்தம் உங்கள் காதுக்குள் எப்படி மாறி நுழையுமோ, அப்படியே மாற்றி ஹெட்செட்டுக்கு அனுப்புகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆளுக்கு ஆள் காது மடலின் வடிவம் வேறு. மென்பொருளில் இருப்பதோ பொதுவான ஒரு காதின் கணக்கு. அதனால்தான், நண்பருக்கு 'செம'யாகக் கேட்கும் அதே செட்டிங், உங்களுக்கு டின்னுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கலாம். யூடியூபில் யாரோ சொன்ன 'பெஸ்ட் செட்டிங்' உங்கள் காதுக்கும் பெஸ்ட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதலில் பிளக்கைக் கவனியுங்கள்

3.5 மி.மீ. பின்: இந்த வயரில் இடது, வலது என இரண்டு பாதைகள் மட்டுமே உண்டு. கூடவே மைக்குக்கு ஒன்று. பெரும்பாலான லேப்டாப்களில் மைக்கும் ஹெட்போனும் ஒரே ஓட்டையில் சேர்ந்திருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இரண்டும் தனித்தனி. அங்கே நேரடியாகச் செருகினால் சத்தம் வரும், மைக் வேலை செய்யாது. 'ஒய்' வடிவ ஸ்ப்ளிட்டர் தேவை. பல ஹெட்செட்டுகளில் பாக்ஸிலேயே கொடுத்திருப்பார்கள்.

யு.எஸ்.பி: ஹெட்செட்டிலோ அதன் வயரிலோ தனி சவுண்ட் கார்டு இருக்கும். கம்பெனியின் '7.1' பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். இதற்கான மென்பொருளைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்: வயர்லெஸ் வேண்டும் என்றால் கேமிங்குக்கு இதுவே நல்லது. சத்தம் தாமதமாகும் பிரச்னை மிகக் குறைவு.

ப்ளூடூத்: இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகளில் மைக்கை ஆன் செய்த உடனே, ஸ்டீரியோ போய் போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். இடது, வலது எல்லாம் ஒன்றாகிவிடும். திசையே இல்லாதபோது சரவுண்ட் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. சிரிக்காதீர்கள், இதுவும் நடக்கிறது. ஹெட்செட்டை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உள்பக்கம் 'எல்', 'ஆர்' எழுத்துகள் இருக்கும்.

விண்டோஸில் எங்கே ஆன் செய்வது?

விண்டோஸ் 11 என்றால்:

1. 'செட்டிங்ஸ்' போய் 'சிஸ்டம்', அதற்குள் 'சவுண்ட்' திறக்கவும்.
2. 'அவுட்புட்' பகுதியில் உங்கள் ஹெட்செட்டின் பெயரைக் கிளிக் செய்யவும். மானிட்டரின் ஸ்பீக்கரைத் தேர்வு செய்துவிடாதீர்கள்.
3. கீழே 'ஸ்பேஷியல் ஆடியோ' என்ற பகுதி வரும். அதில் 'விண்டோஸ் சோனிக் ஃபார் ஹெட்போன்ஸ்' தேர்வு செய்யவும்.

விண்டோஸ் 10-ல் இன்னும் சுலபம். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து, 'ஸ்பேஷியல் சவுண்ட்' போனால் போதும்.

விண்டோஸ் சோனிக், 2017-ல் விண்டோஸ் 10 அப்டேட்டில் வந்த வசதி. முற்றிலும் இலவசம். சாதாரண 3.5 மி.மீ. ஹெட்போனிலும் வேலை செய்யும். பாக்ஸில் '7.1' என்று போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே இடத்தில் 'டால்பி அட்மாஸ் ஃபார் ஹெட்போன்ஸ்', 'டி.டி.எஸ் ஹெட்போன் எக்ஸ்' ஆகியவற்றையும் சேர்க்கலாம். முதலாவதுக்கு 'டால்பி ஆக்சஸ்', இரண்டாவதுக்கு 'டி.டி.எஸ் சவுண்ட் அன்பவுண்ட்' என்ற ஆப்பை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இறக்க வேண்டும். இரண்டுக்கும் காசு கட்ட வேண்டும், ஆனால் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். முதலில் சோனிக், பிறகு இவற்றின் ட்ரையல் என்று போங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

எல்லாம் செய்தும் இடது, வலதுகூடப் பிரிந்து கேட்கவில்லையா? செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி', அதற்குள் 'ஆடியோ' போய், 'மோனோ ஆடியோ' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆனில் இருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போகும். ஒரு காதில் கேட்கும் திறன் குறைவானவர்களுக்கு எந்தச் சத்தமும் தவறிப்போகாமல் இருக்க, இதுவே மிகத் தேவையான வசதி. அவர்கள் அதை ஆனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஃபோர்ட்நைட் போன்ற கேம்களில் சத்தம் வரும் திசையைத் திரையில் படமாகக் காட்டும் வசதியும் உண்டு.

ஆளாளுக்கு உப்பு போட்டால்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: சரவுண்ட் வேலையை யாராவது ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும்.

வீட்டில் அம்மா குழம்புக்கு உப்பு போட்டுவிட்டுப் போகிறார். தெரியாமல் அக்கா ஒரு முறை, அப்பா ஒரு முறை. மூன்று பேருமே சரியான அளவுதான் போட்டார்கள். ஆனால், குழம்பை வாயில் வைக்க முடியாது. இங்கேயும் அதே கதைதான். கேம் ஏற்கெனவே திசைக்கு ஏற்ப மாற்றிய சத்தத்தை விண்டோஸ் மறுபடி மாற்றும். அதை ஹெட்செட் மென்பொருள் இன்னொரு முறை மாற்றும். கடைசியில் எல்லாம் எதிரொலித்து, எது முன், எது பின் என்றே தெரியாமல் போய்விடும்.

யாரிடம் வேலையைக் கொடுப்பது?

கேமுக்குள்ளேயே வசதி இருந்தால், கேமிடம் கொடுங்கள். எதிரி எங்கே நிற்கிறான், எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்பது கேமுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். வேலரன்ட்டில் 'ஆடியோ' செட்டிங்ஸில் எச்.ஆர்.டி.எஃப் ஆன் செய்யலாம். 2021 முதல் இது இருக்கிறது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-லும் ஹெட்போனுக்கான இந்த நுட்பம் உள்ளேயே இருக்கிறது. இவற்றை விளையாடும்போது விண்டோஸின் ஸ்பேஷியல் ஆடியோவை 'ஆஃப்' செய்யுங்கள். ஹெட்செட் மென்பொருளில் 'ஸ்டீரியோ' வையுங்கள்.

கேமில் 5.1, 7.1 அல்லது ஹோம் தியேட்டர் என்று மட்டும் இருந்தால், கேமில் அதைத் தேர்வு செய்துவிட்டு, விண்டோஸ் சோனிக்கையோ ஹெட்செட்டின் 7.1-ஐயோ ஆன் செய்யுங்கள். இரண்டில் ஒன்று மட்டும். கேமை ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். சில கேம்கள் ஆரம்பிக்கும்போது மட்டுமே இந்த மாற்றத்தைக் கவனிக்கும்.

பாட்டு கேட்பதென்றால், எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். ஸ்டீரியோவுக்காக மிக்ஸ் செய்த பாட்டை ஸ்டீரியோவில் கேட்பதே அழகு.

கண்ணை மூடி ஒரு டெஸ்ட்

செட்டிங் சரியா என்பதை மேட்ச் நடுவே கண்டுபிடிக்க முடியாது. நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு கஸ்டம் மேட்ச் போடுங்கள். நீங்கள் ஒரே இடத்தில் நில்லுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் உங்களைச் சுற்றி வெவ்வேறு திசைகளில் நடக்கட்டும். பத்து முறை திசையைச் சொல்லுங்கள். எத்தனை சரி என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். அடுத்து செட்டிங்கை மாற்றி இன்னொரு பத்து. எதில் மார்க் அதிகமோ, அதுதான் உங்கள் காதுக்கான செட்டிங்.

இடது, வலது யாருக்கும் எளிதில் வந்துவிடும். உண்மையான பரீட்சை முன், பின்தான். அதில் தடுமாறினால் கண்ணைத் திறந்து, மவுஸைக் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சத்தம் இடது காதுக்கு நகர்ந்தால் ஆள் முன்னால் இருக்கிறான். வலது காதுக்கு நகர்ந்தால் பின்னால். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கிறோமே, அதே உத்திதான்.

டிஸ்கார்டில் பேசினால் கேம் சத்தம் குறைகிறதா?

அழைப்பு வந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. விண்டோஸும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் வரும் 'ரன்' பெட்டி மூலம், பழைய 'கன்ட்ரோல் பேனல்' திறந்து, 'சவுண்ட்' போங்கள். 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற டேபில் 'டூ நத்திங்' தேர்வு செய்துவிடுங்கள்.

கடைசியாக, வால்யூம்

செட்டிங் சரியில்லாதபோது நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான், வால்யூமை ஏற்றுவது. காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஏற்றினால், அடுத்த நொடி வெடிக்கும் குண்டும் அதே அளவு ஏறிப்போய் காதில் அறையும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபெல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபெல் கூடியதற்கே பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பகலில் ஆபீஸ் மீட்டிங், பயணத்தில் பாட்டு, இரவில் கேம் என எல்லாமே அதே காதுக்குத்தான் போகிறது. உள்காதில் சத்தத்தை உணரும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி வளர்வதில்லை.

விளையாடி முடித்ததும் காதில் ரீங்காரம் கேட்டால், அது வால்யூம் அதிகம் என்பதற்கான எச்சரிக்கை. அது நீடித்தாலோ, அடிக்கடி வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சித்தி மகனிடம் போன வாரம் பேசினேன். "இப்ப வால்யூம் எவ்ளோடா?" என்று கேட்டேன்.

"பாதிதாண்ணே. பின்னாடி வர்றவன் பின்னாடிதான் கேக்குறான்."

"காதுல அந்த 'ஙொய்'?"

"இல்லண்ணே. ஆனா, தோக்குறது மட்டும் இன்னும் நிக்கல!"

அதற்கு எந்த செட்டிங்கும் இல்லை, தம்பி.