மதிலுக்குள் ஒரு பொதுவழி
(இலண்டன் ரிச்மண்ட் பூங்காவும் அதன் கோல்ஃப் திடலும்)

முன்னுரை

கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே, அது செல்வர்தம் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. பரந்த நிலமும், விலை மிகுந்த மட்டைகளும், உறுப்பினர்க்கு மட்டுமே கதவு திறக்கும் மன்றங்களும் அவ்வாட்டத்தோடு பிணைந்தே வளர்ந்தன. ஆயின், அம்மன்றங்களில் இடம்பெற இயலாத எளியோரை மனத்திற்கொண்டு அமைக்கப்பெற்ற கோல்ஃப் திடல் ஒன்று உண்டு. அதுவும், மன்னர் ஒருவர் தம் வேட்டைக்கென மதில் எழுப்பி வளைத்துக்கொண்ட காட்டினுள்ளேயே உண்டு. இலண்டன் மாநகரின் தென்மேற்கில் உள்ள ரிச்மண்ட் பூங்காவே அவ்விடம். அங்குச் செல்வோர் காணத்தக்கவை யாவை, அவற்றின் பின்னே நிற்கும் வரலாறு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதிய மரங்களின் உறைவிடம்

பூங்கா என்றதும் பாத்தி கட்டிய மலர்ச்செடிகளையும் நீரூற்றுகளையும் எதிர்பார்த்துச் செல்வோர் இங்கு வியப்படைவர். ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்புடைய இவ்விடத்தின் பெரும்பகுதி புல்வெளியும் பெரணிப் புதரும் ஓக் மரத் தோப்புகளுமேயாகும். அறுநூறுக்கும் மேற்பட்ட மான்கள் இங்கே தடையின்றித் திரிகின்றன. மரங்களின் கீழ்க்கிளைகள் யாவும் அளவெடுத்து வெட்டியன போல ஒரே உயரத்தில் நின்றுவிடுவதைக் காணலாம். தோட்டக்காரர் கத்தரித்த வேலையன்று அது. மான்கள் தலைநிமிர்த்தித் தழை மேய்ந்ததன் விளைவு.

ஓக் மரங்களுள் சில, மதில் எழுவதற்கு முன்பிருந்தே நிற்பவை. அவற்றின் அடிமரம் பருத்தும், ஆளுயரத்திற்கு மேல் கிளைகள் பலவாகப் பிரிந்தும் இருக்கும். விறகுக்காகக் கிளைகளை வெட்டிய அக்காலத்தார், கால்நடைகள் புதுத்தளிரை எட்டிக் கடித்துவிடாதபடி உயரத்தில் வைத்தே வெட்டினர். அவ்வெட்டு மரத்தின் ஆயுளையும் நீட்டித்தது. பட்டுப்போன மரங்களையும் இங்கு அகற்றுவதில்லை. உளுத்த கட்டையே உணவும் உறையுளுமாகப் பல வகை வண்டுகள் இங்கு வாழ்கின்றன. இத்தகைய சிறப்புகளால் இப்பூங்கா 2000ஆம் ஆண்டில் தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது.

மன்னர் எழுப்பிய மதில்

1625ஆம் ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, முதலாம் சார்லஸ் மன்னர் தம் அவையை ரிச்மண்ட் அரண்மனைக்கு மாற்றினார். சூழ இருந்த காட்டுநிலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அந்நிலமோ முழுவதும் அவருடையதன்று. ஊர்ப் பொதுமேய்ச்சலும், உழவர் சிலரின் வயல்களும் அதில் அடங்கியிருந்தன. விலை கொடுத்து வாங்க முற்பட்டபோது சிலர் இசைந்தனர், சிலர் மறுத்தனர். எனினும் 1637ஆம் ஆண்டில், ஏறத்தாழ 8 மைல் சுற்றளவுடைய செங்கல் மதில் அந்நிலத்தை வளைத்து நின்றது. ஊரார் மனக்கசப்பை ஓரளவேனும் தணிக்க எண்ணிய மன்னர், காலங்காலமாக அவ்வழியே நடந்தவர் தொடர்ந்து நடக்கவும், எளியோர் விறகு பொறுக்கவும் இசைவளித்தார். மதிலைக் கடக்க ஏணிகளும் அமைக்கப்பெற்றன.

நடப்போரின் வழக்கு

1751ஆம் ஆண்டில், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகளார் இளவரசி அமீலியா பூங்காவின் காப்பாளரானார். அனுமதிச்சீட்டு வைத்திருப்போர் அன்றி வேறெவரும் உள்ளே வரலாகாது என அவர் ஆணையிட்டார். நூறாண்டுக்கு மேலாக மக்கள் நடந்த பாதை அடைபட்டது.

அவ்வேளையில் எழுந்தவர் ஜான் லூயிஸ் என்பார். அவர் பிரபுவும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர், ரிச்மண்ட் ஊரில் பீர் வடிசாலை நடத்திய சாதாரணக் குடிமகனார். அவருடைய தொழில் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அவருடைய செயல் எவரும் போற்றத்தக்கது. அவர் சீட்டின்றி வாயிலில் நுழைய முயன்றார், வாயிற்காவலர் தடுத்தார், அத்தடையையே காரணமாக்கி வழக்குத் தொடுத்தார். அரச குடும்பத்தின் விருப்பத்திற்கு எதிரான வழக்கு அது. 1758ஆம் ஆண்டில் கிங்ஸ்டன் நகரில் நீதிபதி சர் மைக்கேல் ஃபாஸ்டர் முன்னிலையில் விசாரணை நடைபெற்று, நடந்து செல்வோர்க்கு அப்பாதையில் உரிமை உண்டெனத் தீர்ப்பாயிற்று.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கதவு வேண்டுமா, ஏணி வேண்டுமா என்ற வினா எழுந்தபோது லூயிஸ் ஏணியையே தேர்ந்தார். மான்கள் வெளியேறாதிருக்கக் கதவை மூடியே வைத்தல் வேண்டும். மூடிய கதவுக்கு நாளடைவில் தாழ்ப்பாளும் வந்துவிடும் என்பது அவர் கருத்து. ஆனால் அமைக்கப்பெற்ற ஏணியின் படிகளோ, குழந்தைகளும் முதியோரும் கால் வைக்க இயலாதவாறு மிகுந்த இடைவெளியுடன் இருந்தன. லூயிஸ் மீண்டும் நீதிபதியிடம் முறையிட்டார். தாமே அதனைக் கண்டதாகக் கூறிய நீதிபதி, குழந்தைகளும் முதியவர்களும் மட்டுமன்றி மூதாட்டியரும் ஏறத்தக்கவாறு படிகளை அமைக்கும்படி பணித்தார்.

பை சுமந்த சிறுவரின் திடல்

மதிலினுள் நடக்கும் உரிமை நிலைபெற்றது. எனினும் பூங்காவின் ஒரு பகுதி, அரச வேட்டைக்குரிய மான்களுக்குத் தீனியிட்டு வளர்க்கும் அடைப்புப் புல்வெளியாகவே நெடுங்காலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலத்திற்குப் புதிய பயன் கண்டவர்களுள் முதன்மையானவர் ஜே. எச். டெய்லர்.

1871ஆம் ஆண்டு டெவன் மாவட்டத்தின் நார்தம் என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்திற் பிறந்த டெய்லர், இளமையிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். கோல்ஃப் ஆடும் செல்வர்களின் மட்டைப்பையைச் சுமந்து நடந்த சிறுவர் அவர். பிற்காலத்தில் பிரிட்டனின் ஓப்பன் பட்டத்தை 1894, 1895, 1900, 1909, 1913 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்றார். அக்காலத்தில் பல மன்றங்கள் தொழிலாளர்க்குக் கதவடைத்தன. சில மன்றங்கள், திடலில் வேலை செய்து கொடுப்பதற்கு ஈடாகக் குறித்த நேரங்களில் மட்டும் ஆட இடமளித்தன. இந்நிலையை நன்கறிந்த டெய்லர், உறுப்பினர் அல்லாதாரும் சிறுகட்டணம் செலுத்தி ஆடத்தக்க பொதுத் திடல்கள் வேண்டுமென முயன்றார். அவரும் எஃப். ஜி. ஹாட்ரீயும் வகுத்த முதல் திடல் 1923ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசரால் திறக்கப்பெற்றது. இரண்டாவது திடலை 1925ஆம் ஆண்டில் யார்க் கோமகன் திறந்துவைத்தார். இளவரசர் திடல், கோமகன் திடல் எனப் பெயர் பெற்ற அவ்விரண்டிலும் பதினெட்டுப் பதினெட்டுக் குழிகள் உள்ளன.

இன்றும் அங்கு மன்ற உறுப்பினராகாமலே எவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். ஆடாதவரும் பூங்காவில் நின்று அவ்வாட்டத்தின் ஒழுங்கைக் கண்டுணரலாம். 4¼ அங்குல விட்டமே உடைய சிறு குழியில், நூற்றுக்கணக்கான கெச தூரத்திலிருந்து அடித்துவந்த பந்தைச் சேர்த்தல் வேண்டும். ஒவ்வோர் அடியையும் எண்ணுபவர் ஆடுபவரே. பொது ஆட்டங்களில் உடன் நடந்து கண்காணிக்க நடுவர் எவரும் இலர். மரநிழலில் யாரும் காணாதபோது எண்ணிக்கையைக் குறைத்துரையாத நேர்மையே இவ்வாட்டத்தின் உயிர்நாடி எனலாம். அமானிதம் என நாம் வழங்கும் சொல்லுக்கு இதுவும் ஓர் எளிய எடுத்துக்காட்டாகும்.

முடிவுரை

இப்பூங்காவில் வாயிற்கட்டணம் இல்லை. மன்னர் எழுப்பிய மதில் இன்றும் நிற்கின்றது. முதிய மரங்களையும் மான்களையும் அது காத்தும் வருகின்றது. ஆதலின், மதில்கள் யாவும் தீயன என்று கூறுதல் பொருந்தாது. காக்கும் மதிலினுள் பொதுவழியும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். பாதையிற் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகப் போற்றும் சமுதாயத்தினர் நாம். லூயிஸ் அகற்றியதும், டெய்லர் அகற்றியதும் அத்தகைய இடையூறுகளே.

நம் முன்னோர் பலர் தம் உழைப்பின் பொருளை அறக்கொடையாக ஈந்து, சமய வேறுபாடின்றி அனைவருக்கும் கல்விக்கூடங்களைத் திறந்துவைத்தனர். அவ்வாயில்கள் இன்றும் திறந்தே உள்ளன. ஆனால் வாயில் திறந்திருத்தல் மட்டும் போதுமா? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் தேர்வுக் கட்டணத்திற்கு வழியின்றித் தயங்கி நிற்கலாம். ஆங்கில விரிவுரை புரியாமல் பின்னிருக்கையில் வாய்மூடி அமர்ந்திருக்கலாம். அவனைப் பொறுத்தவரை ஏணி இருக்கின்றது, படிகள்தாம் எட்டவில்லை. அப்படிகளின் இடைவெளியைக் குறைப்பது ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் கடன். தாம் ஏறியபின் அடுத்தவர்க்குக் கைகொடுப்பது மாணவர்க்குக் கடன்.