எப்ரு: நீர் மேல் வண்ணம்

தரம் எட்டுக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். அந்த வகுப்பில் ஒரு மாணவன் தவணை முழுக்க வெள்ளைத் தாளையே தந்துகொண்டிருந்தான். உயிருள்ளவற்றை வரையக்கூடாதென்று வாப்பா சொல்லியிருக்கிறாராம். "பூவும் மரமும் கீறலாமே மகன்" என்றேன். "எனக்கு வராது டீச்சர்" என்றான். அவனை நினைத்துத்தான் எப்ருவை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

நீரின் மேல் சாயத்தை மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றியெடுப்பது எப்ரு. உஸ்மானியர் காலத்தில் கிதாபுகளின் அட்டை உட்புறத்திலும் அரபு எழுத்தணிகளின் ஓரங்களிலும் இத்தாள்களை ஒட்டினார்கள். இஸ்தான்புல் அயா சோபியா பள்ளியில் கதீபாக இருந்த மெஹ்மத் எஃபெந்தி, துளிக்குள் துளி இட்டு ஊசியால் இழுத்துப் பூப்போன்ற வடிவங்கள் செய்தார். அவ்வகை இன்றும் 'ஹதீப் எப்ரு'தான். அவர் 1773இல் வீட்டில் மூண்ட தீயில் தன் தாள்களைக் காப்பாற்றப்போய் மாண்டவர். 2014இல் யுனெஸ்கோ துருக்கியின் எப்ருவைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

முதல் நாள் வெறுந்தண்ணீரில் சாயம் விட்டோம். "தாண்டு போயிட்டு டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். தண்ணீர் கொஞ்சம் தடிப்பாக இருந்தால்தான் சாயம் மேலே நிற்கும். துருக்கியில் ஒருவகைச் செடிப் பிசினைக் கரைப்பார்கள். சிலவகைக் கடற்பாசியும் உதவும். அதைக் கேட்டு நம்ம கடற்பாசியைக் காய்ச்சிப் போனேன். ஆறியதும் உறைந்துவிட்டது. "நோம்பு தொறக்கத்தானே இது?" என்று ஒருத்தி கேட்க, அன்றைய பாடம் சிரிப்போடு முடிந்தது. உறையும் பாசி வேறு, குழகுழப்பாகவே நிற்கும் பாசி வேறு.

கடைசியில் கைகொடுத்தது சோளமா. ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி, மெல்லிய கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்தோம்.

அடுத்தது பித்தம். மரபில் சாயத்தில் மாட்டுப் பித்தம் சேர்ப்பார்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துளியை விரியவைப்பது அதுதான். உழ்ஹிய்யா நாளில் நாம் வீசிவிடும் பித்தப்பைக்கு இப்படியொரு வேலை! நாங்கள் நீர்விட்ட அக்ரிலிக் சாயத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டோம். கூடினால் துளி கட்டுப்பாடில்லாமல் விரிந்து வெளிறிவிடும். தாளில் முன்கூட்டியே படிகாரக் கரைசல் தடவிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அலசும்போது வண்ணமும் கழுவுண்டு போகும். இதை மறந்து ஆறு தாள்களைப் பாழாக்கினேன்.

ஊசிக்குப் பதில் ஈர்க்கில். அந்த மாணவன் நீலத்துக்குள் வெள்ளை விட்டு, ஈர்க்கிலால் ஒருமுறை இழுத்தான். தாளை ஒரு மூலையிலிருந்து மெல்லப் படியவிட்டு எடுத்தான். மூச்சே விடவில்லை. "இன்னொண்டு இதேமாதிரி எடுக்கலாமா டீச்சர்?" என்றான். ஏலாது, ஒரு விரிப்புக்கு ஒரு தாள்தான் என்றேன்.

அடுத்த கிழமை, அட்டை கழன்ற பழைய கிதாபு ஒன்றோடு வந்தான். வாப்பா கொடுத்தனுப்பியதாம், அந்தத் தாளை உள்ளுக்கு ஒட்டித் தரட்டுமென்று.