பதினெட்டைத் தாண்டிய பிள்ளை

கரும்பு ஏந்திய முருகன் மலைமேல் நிற்கும் செட்டிகுளத்தில், மனவளர்ச்சி குன்றிய மகன் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வெங்காயத் தாள் அறுப்பான், பட்டறை போடக் கூட நிற்பான், டீக்கடைக்குத் தனியாகப் போய் வருவான். பதினெட்டு வயது வரை பாங்கில் அப்பாவின் கையெழுத்து போதும். அதைத் தாண்டினால், "கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். குடும்பம் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறும்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அந்த சர்டிபிகேட்டைத் தருவது மாவட்டக் குழு. ஆட்சியர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர். குழு தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: இவனுக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை? இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பாங்குக் கணக்குக்கு ஆள் வேண்டும் என்பதால் டீ குடிப்பதற்கும் ஆள் வேண்டுமா என்ன?

இதைவிடக் கனமான விஷயத்தில் இதே கேள்வி 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான மனவளர்ச்சிக் குறைபாடு கொண்ட இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ பிள்ளை வேண்டும் என்றார். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர் ப. சதாசிவம், பி.எஸ். சௌகான் ஆகியோரின் அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. கருக்கலைப்புச் சட்டம் பதினெட்டைத் தாண்டியவர்களில் மனநோயாளிக்கு மட்டுமே பாதுகாவலரின் சம்மதத்தை ஏற்கிறது. மனவளர்ச்சிக் குறைபாடு வேறு, ஆகவே இந்தப் பெண்ணின் சம்மதம் கட்டாயம் என்றது ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பு. அரசே அவருக்குக் காப்பாளர். ஆனாலும் அவர் விருப்பத்தை மீற முடியவில்லை.

பிறகு வந்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 14ஆவது பிரிவு பாதுகாவலரின் கையைக் கட்டுகிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த மகனோடு சேர்ந்து, அவன் விருப்பப்படி. வேறு சட்டங்களில் ஏற்கெனவே நியமிக்கப்பட்டவர்களும் இனி இந்த வரம்புக்குள்தான். 2017 ஏப்ரல் 19 முதல், பீரோவில் பத்திரமாக இருக்கும் பழைய சர்டிபிகேட்டுகளின் பலமும் சுருங்கிவிட்டது. இதைக் குடும்பங்களிடம் யாராவது சொன்னார்களா?

பேச்சே வராத பிள்ளையின் விருப்பத்தை எப்படி அறிவது என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழு ஆதரவு தேவைப்படுவோருக்கு அதே பிரிவு இடம் தருகிறது, மறுபரிசீலனைக்கு உட்பட்டு. தாள் அறுத்துக் கூலி வாங்கும் மகன் அந்த வகையில் வரமாட்டான்.

பாதுகாவலர் சொத்தைச் சுருட்டினால், அவரை நீக்கக் கோரி பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு ஆகியோர் குழுவிடம் மனு கொடுக்கலாம் என்கிறது 1999 சட்டத்தின் 17ஆவது பிரிவு. அந்தப் பட்டியலில் மகன் இல்லை. நியமனத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை 2016 சட்டம்தான் அவனுக்குக் கொடுத்தது. ஆனால் மனு எழுதித் தரவும் பெரம்பலூருக்கு அழைத்துப் போகவும் பெரும்பாலும் அந்தப் பாதுகாவலரைத்தான் அவன் நம்பியிருக்க வேண்டும்.