வாசனையை மெச்சும் இத்தாலிய வழக்கம்

லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து நல்ல வாசனை வந்தால் இத்தாலியர் வாயில் சட்டென வருவது மூன்றே சொல்: 'கே புவோன் ப்ரொஃபூமோ!' என்ன நல்ல மணம் என்று பொருள். அதில் 'நீ', 'உன்' எதுவும் கிடையாது. பாராட்டு செண்டோடு நின்றுவிடுவதால், முன்பின் தெரியாதவரிடமும் கூச்சமின்றிச் சொல்லிவிடலாம்.

ஆளிடம் கேள்வியாகக் கேட்கும்போது மரியாதை பார்க்க வேண்டும். தோழியிடம் 'கே ப்ரொஃபூமோ ஊஸி?' (என்ன செண்ட் போடுகிறாய்?), மூத்த பெண்மணியிடமோ மேலதிகாரியிடமோ 'ஊஸா?' ஒரே ஓர் எழுத்து இடறினால் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். 'மி பியாச்சே இல் துவோ ப்ரொஃபூமோ', அதாவது 'உன் செண்ட் எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதிலும் பிழையில்லை. ஆனால் பழக்கமில்லாதவரிடம் சொன்னால், வழிவதாக நினைக்க இடமுண்டு.

'ஒடோரே' பக்கம் மட்டும் போகாதிருப்பது நல்லது. நல்ல மணம், கெட்ட நாற்றம் இரண்டுக்கும் பொதுவான சொல் அது. 'உன்னிடம் ஒரு ஒடோரே வருகிறது' என்றால் கேட்டவர் ரகசியமாகத் தன் அக்குளை மோந்து பார்ப்பார்!

என்ன செண்ட் என்ற கேள்விக்கு வரும் பதிலில் பல நேரம் ஓர் ஊர் இருக்கும். பார்மா என்றால் வயலெட் பூ: நெப்போலியனின் இரண்டாவது மனைவி மரிய லூயிசா அங்கே ஆட்சி செய்தபோது கொண்டாடிய பூ அது. மஞ்சள் பெட்டியில் வரும் 'அக்வா தி பார்மா' கொலோனும் 1916இல் அதே ஊரில் பிறந்தது. ஃப்ளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா மடத்துத் துறவிகள் மூலிகை வளர்த்து நடத்திய மருந்தகம் 1612இல் பொதுமக்களுக்குத் திறந்தது. இன்றும் அங்கே வாசனைத் திரவியம் வாங்கலாம்.

கொலோனை அடித்த கையோடு மூக்கில் ஏறும் அந்தப் புளிப்பு மணம் பெரும்பாலும் பெர்கமோட். எலுமிச்சை இனம்தான், அப்படியே உரித்துத் தின்ன முடியாத புளிப்பு. உலகின் பெர்கமோட் எண்ணெயில் பெரும்பங்கு தென்கோடிக் கலாப்ரியாவின் கடலோரத் தோப்புகளிலிருந்து வருகிறது. தோலைப் பிழிந்து ஒரு கிலோ எண்ணெய் எடுக்க ஏறக்குறைய 200 கிலோ பழம் வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709இல் தொடங்கிய ஃபரீனா கடையின் புகழ்பெற்ற வாசனை நீரிலும் இதே மணம்தான். ஃபரீனா குடும்பமோ வட இத்தாலிய மலைக் கிராமத்திலிருந்து போனது. பெயரைத் தட்டிச் சென்றது ஜெர்மன் நகரம்.

சமையலறைக்குப் போனால் பாராட்டு செல்லமாகச் சுருங்கி 'கே ப்ரொஃபுமீனோ!' ஆகிவிடும். அடுப்பில் கொதிக்கும் இறைச்சிச் சாற்றுக்கு அது கச்சிதம். விருந்துக்கு வந்த சீமாட்டியின் விலையுயர்ந்த செண்டுக்கு அதைச் சொன்னால் நக்கலாகப் படலாம்.